லைஃப்ரே போர்ட்டல் லேப்டாப்பில் ஓடுகிறது. இனி சர்வரில் எப்படி நிறுவுவது?

தக்கலைத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலையில் ஒரு கல்வி அறக்கட்டளை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கலைக் கல்லூரி, இரண்டு பள்ளி, கருங்கல் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி, எல்லாம் ஒரே நிர்வாகம். சுற்றறிக்கை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் போகிறது. விடுப்பு விண்ணப்பம் இன்னும் காகிதத்தில். போன வருஷத் தேர்வுக் குழுத் தீர்மானம் எங்கே என்று யாராவது கேட்டால் அலமாரி அலமாரியாகத் தேட வேண்டும்.

இதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவர ஒரு போர்ட்டல் வேண்டும் என்று செயலாளர் கேட்டார். லைஃப்ரே என்ற போர்ட்டல் மென்பொருளின் 7.4 இலவசப் பதிப்பை, அதை ஓட்டும் டாம்கேட் என்ற ஜாவா சர்வரும் சேர்ந்த பண்டிலாக இறக்கி, அன்சிப் செய்து, ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டை ஓட்டினேன். 8080 போர்ட்டில் அழகாக வந்தது. நாலு நிறுவனத்துக்கும் தனித்தனி சைட், ஆசிரியர்களுக்கு லாகின், ஆவணங்களுக்கு ஃபோல்டர் எல்லாம் போட்டுக் காட்டினேன். செயலாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஜூனில் கல்லூரி திறக்கும்போது எல்லாரும் இதில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அலுவலகத்தில் 16 ஜிபி ராம் உள்ள ஒரு டவர் சர்வர் இருக்கிறது, உபுண்டு 22.04. லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே அதில் காப்பி செய்து ஓட்டிவிட்டால் போதுமா? ஹெச்டிடிபிஎஸ் எப்படிப் போடுவது? மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போது என்ன செய்வது? இதைச் செய்து பழகியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பார்வதிபுரம் ஜாவா:

தம்பி, காப்பி செய்யாதீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள். லைஃப்ரேயை அன்சிப் செய்த இடத்தில் டேட்டா என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஹைப்பர்சானிக் என்று ஒன்று இருந்து, அதில் ஃபைல்கள் இருந்தால், நீங்கள் இதுவரை உருவாக்கிய சைட், யூசர், பெர்மிஷன் எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. பண்டிலோடு சேர்ந்தே வரும் சின்ன டேட்டாபேஸ் அது. இறக்கியவுடன் ஓட்டிப் பார்க்க வசதியாக வைத்திருக்கிறார்கள். நிஜமான பயன்பாட்டுக்கு வைக்கக் கூடாது என்று லைஃப்ரே ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. கரண்ட் திடீரென்று போனால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம். கெட்டால் மீட்பது பெரிய பாடு.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்த காலம் முழுக்க ஜாவா போர்ட்டல்களோடுதான் கிடந்தேன். அங்கிருந்து நான் எடுத்துவந்த பழக்கம் இது: போர்ட்டலை மூன்று பொருளாகப் பிரித்துப் பார்ப்பது. ஒன்று டேட்டாபேஸ். இரண்டாவது, ஏற்றிய ஆவணங்கள் கிடக்கும் டாக்குமெண்ட் லைப்ரரி ஃபோல்டர். மூன்றாவது, தேடலுக்கான எலாஸ்டிக்சர்ச். இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன, யார் பொறுப்பு, தொலைந்தால் எப்படித் திரும்ப வரும் என்று தாளில் எழுத முடிந்தால்தான் அது நிறுவியதாகக் கணக்கு. பிரவுசரில் முகப்பு வருவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. டாம்கேட்டும் லைஃப்ரேயும் திரும்ப இறக்கிக்கொள்ளக் கூடியவை. உங்கள் ஆசிரியர்கள் எழுதியது இணையத்தில் வேறு எங்கும் கிடைக்காது.

இப்போது செய்ய வேண்டியது: சர்வரில் ஜாவா 11 போடுங்கள். 7.4-இன் பல வெளியீடுகளுக்கு 8-உம் 11-உம் பொருந்தும், புதிதாகப் போடுவதால் 11 நல்லது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவி ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்குங்கள். மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டும் இலவசப் பதிப்பில் ஓடும். ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் வேண்டுமென்றால் சந்தாப் பதிப்புக்குப் போக வேண்டும். அப்புறம் லைஃப்ரே ஹோமில், அதாவது அன்சிப் செய்த முதன்மை ஃபோல்டரில், போர்ட்டல்-எக்ஸ்ட் ப்ராபர்டீஸ் என்ற ஃபைலை நீங்களே உருவாக்கி, டிரைவர், யூஆர்எல், யூசர், பாஸ்வேர்டு நாலு வரியையும் எழுதுங்கள். முதல் முறை ஓடும்போது கேள்வி கேட்டு அமைக்கும் செட்அப் விஸார்டை அதிலேயே அணைத்துவிடுங்கள். விஸார்டு தன் பங்குக்கு வேறொரு ப்ராபர்டீஸ் ஃபைல் எழுதும்; இரண்டிலும் இரண்டு விதமாக இருந்தால் பிற்பாடு வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

முதல் முறை ஓட்டும்போது அட்டவணைகள் எல்லாம் உருவாக நேரமாகும். நடுவில் நிறுத்தாதீர்கள். டாம்கேட்டின் கேட்டலினா லாகில் சர்வர் ஸ்டார்ட்அப் என்று இத்தனை மில்லிசெகண்ட் காட்டும் வரி வரும்வரை பொறுங்கள்.

லேப்டாப்பில் செய்த சைட்களை எல்ஏஆர் என்ற லைஃப்ரேயின் ஏற்றுமதி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து புதியதில் இம்போர்ட் செய்யலாம். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். மாதிரிக்குப் போட்டது கொஞ்சம்தான் என்றால், கையாலேயே மறுபடி போட்டுவிடுவது சுத்தம்.

மார்த்தாண்டம் அக்கா:

பார்வதிபுரத்தார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். டேட்டாபேஸ் உருவாக்கும்போதே எழுத்துக் குறியீட்டைப் பார்த்துக்கொள். போஸ்ட்கிரெஸ் என்றால் யூடிஎஃப்-8. மைஎஸ்கியூஎல் பக்கம் போனால் யூடிஎஃப்8எம்பி4. பழைய சர்வரில், தமிழுக்கு இடமில்லாத லத்தீன்-1 என்று இயல்பாக இருந்து, கவனிக்காமல் விட்டால், ஆசிரியர் "தேர்வுக் கட்டணம்" என்று தட்டியது கேள்விக்குறி வரிசையாகச் சேமிக்கப்படும். ஒருமுறை கேள்விக்குறியாகிவிட்டால் அசலைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். "கொ" என்ற ஒற்றை எழுத்துக்கு இரண்டு குறியீடு, ஆக ஆறு பைட். நீளத்தை எங்கேயாவது பைட் கணக்கில் கட்டுப்படுத்தியிருந்தால் ஆங்கிலத்தில் ஓடிய ஃபாரம் தமிழில் பாதியில் வெட்டும்.

அதே "கொ"வை, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுத முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கம்ப்யூட்டருக்கு வேறு. சில கருவிகளிலிருந்து வரும் ஃபைல் பெயர்களில் இது நடக்கும். "கொள்முதல்" என்று தேடினால் பாதி வரும், பாதி வராது. ஆவணங்களை மொத்தமாக ஏற்றுவதற்கு முன்னால் பெயர்களை யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டிவிடு.

இன்னொன்று, இதுதான் உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கும். உங்கள் அலமாரியிலும் பழைய கம்ப்யூட்டரிலும் இருக்கும் ஆவணங்கள் எந்த எழுத்துருவில் அடித்தவை? தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-இல். அதற்கு அப்புறமும் பல அலுவலகங்களில் பாமினி, வானவில் என்றுதான் ஓடியது. அந்த எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கியது திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எலாஸ்டிக்சர்ச் அந்தக் குப்பையைத்தான் அட்டவணைப்படுத்தும். ஒரு பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார், உடனே தெரிந்துவிடும்.

முகப்பு மொழி பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லைஃப்ரேயின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. எல்லாப் பொத்தானும் நல்ல தமிழில் வராது. 7.4-இல் லாங்குவேஜ் ஓவர்ரைடு என்ற இடத்தில் ஒவ்வொரு சொல்லையும் நீயே மாற்றிக்கொள்ளலாம், கோட் எழுத வேண்டாம். விடுப்பு, சுற்றறிக்கை, ஒப்புதல் என்று உங்கள் ஆசிரியர்கள் பேசும் சொல்லையே போடு.

தக்கலைத் தம்பி:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஹைப்பர்சானிக் ஃபோல்டர் அங்கேதான் இருந்தது. சர்வரில் போஸ்ட்கிரெஸ் போட்டுப் புதிதாக ஆரம்பித்துவிட்டேன். தமிழ் சரியாகச் சேமிக்கிறது. பிடிஎஃப் சோதனையும் செய்தேன். பள்ளியின் பழைய ஆவணம் எதை ஒட்டினாலும் ஆங்கில எழுத்தாகத்தான் வருகிறது.

அடுத்து, வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை லைஃப்ரேக்கு முன்னால் வைத்தேன். இப்போது இரண்டு பிரச்சினை. லாகின் செய்தவுடன் முகவரி திரும்ப ஹெச்டிடிபிக்குப் போய்விடுகிறது. அப்புறம் மூன்று எம்பி பிடிஎஃப் ஏற்றினால் 413 என்று பிழை வருகிறது, லேப்டாப்பில் இதே ஃபைல் ஏறியது.

குளச்சல் அலை:

இரண்டும் என் பக்கத்து வேலை, நான் சொல்கிறேன்.

413 லைஃப்ரேயில் இருந்து வரவில்லை, என்ஜின்எக்ஸ் தருவது. ஒரு கோரிக்கையின் உடல் அளவை அது இயல்பாக 1 எம்பிக்கு மேல் விடாது. கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற அமைப்பை 100 எம்பி ஆக்குங்கள். லைஃப்ரே பக்கத்தில் ஏற்கெனவே 100 எம்பிதான் உச்சவரம்பு, இரண்டும் ஒத்துப்போகும். கூடவே காத்திருப்பு நேரத்தையும் பாருங்கள். பின்னால் இருக்கும் சர்வர் 60 செகண்ட் பதில் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் துண்டித்துவிடும். பெரிய இம்போர்ட் ஓடும்போது 504 என்ற நேரம் கடந்த பிழை வந்து, வேலை நின்றுவிட்டதோ என்று மறுபடி பொத்தானை அமுக்குவார்கள். உள்ளே முதல் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹெச்டிடிபிக்குத் திரும்புவதற்குக் காரணம், வெளியே ஹெச்டிடிபிஎஸ் இருப்பது லைஃப்ரேவுக்குத் தெரியாது. என்ஜின்எக்ஸில் இருந்து உள்ளே சாதாரண ஹெச்டிடிபியில்தானே பேசுகிறோம். போர்ட்டல்-எக்ஸ்ட்டில் வெப் சர்வர் ப்ரோட்டோகால் ஹெச்டிடிபிஎஸ், போர்ட் 443 என்று சொல்லிவிடுங்கள். என்ஜின்எக்ஸ் பக்கத்தில் அசல் ஹோஸ்ட் பெயரையும், வந்த நெறிமுறையையும் ஹெட்டராக அனுப்புங்கள்.

சான்றிதழுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் போதும், காசு கிடையாது. 90 நாள்தான் செல்லும். அதை வாங்கித் தரும் செர்ட்பாட் கருவி தானாகப் புதுப்பிக்கும், ஆனால் டொமைன் உங்களுடையதுதான் என்று சரிபார்க்க 80-ஆம் போர்ட் வெளியிலிருந்து எட்ட வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி 80-ஐ மூடிவிட்டு, மூன்று மாதம் கழித்து பிரவுசரில் சிவப்பு எச்சரிக்கை வந்து நிற்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். 80-ஐத் திறந்து வைத்து 443-க்குத் திருப்பிவிடுங்கள்.

மூட வேண்டியவை வேறு. 8080 வெளியே தெரியக் கூடாது. டாம்கேட்டை நிறுத்தும் 8005, டாம்கேட்டை வெப் சர்வரோடு இணைக்கும் ஏஜேபியின் 8009, எலாஸ்டிக்சர்ச்சின் 9200, மாட்யூல்களின் நிலையைப் பார்க்க உதவும் லைஃப்ரேயின் கோகோ ஷெல் 11311, போஸ்ட்கிரெஸின் 5432, எதுவுமே வெளியே எட்டக் கூடாது. 2020-இல் கோஸ்ட்கேட் என்ற பெயரில் டாம்கேட்டில் ஒரு ஓட்டை வெளிவந்தது, அது அந்த ஏஜேபி வழியாகத்தான். தேவையில்லாத கதவுக்குப் பூட்டுப் போடுவதைவிட அதை எடுத்துவிடுவது மேல், ஏஜேபி வரியையே நீக்கிவிடுங்கள். அப்புறம் வேறொரு வீட்டு இணைப்பிலிருந்து, திறந்த போர்ட்களைக் காட்டும் என்மேப் ஓட்டி, 80, 443 தவிர எதுவும் தெரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து சோதித்தால் நம்ப முடியாது.

ஆரல்வாய் காற்று:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இதையெல்லாம் அலுவலகத்து டவரில் எதற்குச் செய்ய வேண்டும்? 2017 நவம்பர் 30-ஆம் தேதியை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒக்கிப் புயல் அடித்ததில் மின்கம்பமும் ரப்பர் மரமும் ஒன்றாகச் சாய்ந்து, பல ஊரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு வாரத்தில்தான் "நாளை கல்லூரி உண்டா?" என்று எல்லாரும் போர்ட்டலைத் திறப்பார்கள். அன்றைக்கு அது தக்கலையில் இருட்டறையில் கிடந்தால் என்ன பயன்?

அமேசானுக்கு மும்பையில் 2016 முதல் மையம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையிலேயே உண்டு. ஒரு மெய்நிகர் சர்வர் எடுங்கள். லைஃப்ரேயே டாக்கர் இமேஜ், அதாவது எல்லாம் சேர்த்துக் கட்டிய தயார்ப் பொதி தருகிறது, அதை எழுப்பச் சொல்லும் நாலு வரிக் கம்போஸ் ஃபைலில் எழுந்து நிற்கும். நிலையான ஐபியும் கிடைக்கும். இங்கே வழக்கமான ஃபைபர் இணைப்பில் பல பேருக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரிதான் தருகிறார்கள், அதில் சர்வர் வைக்கவே முடியாது.

பார்வதிபுரம் ஜாவா:

ஆரல்வாயார் சொல்வதில் கரண்ட் விஷயமும் ஐபி விஷயமும் முழுக்க நியாயம். தம்பி, உங்கள் செயலாளர் மாதச் செலவுக்கு ஒப்புக்கொண்டால் கிளவுடுக்கே போங்கள், நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் டாக்கர் விஷயத்தில் ஒரு வார்த்தை. நாலு வரிக் கம்போஸில் எழுந்து நிற்பது அதே ஹைப்பர்சானிக்தான். வெளி டேட்டாபேஸும், டேட்டா ஃபோல்டருக்குத் தனி வால்யூமும் (வெளியே நிலைக்கும் சேமிப்பு) கொடுக்காமல் விட்டால், டாக்கரில் ஓடும் கண்டெய்னரை நீக்கிப் புதிதாக எழுப்பும்போது ஏற்றிய ஆவணம் எல்லாம் அதோடு போய்விடும். கருவி எதுவானாலும் நான் மேலே சொன்ன மூன்றும் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். கிளவுடு சர்வர் கரண்ட் போகாமல் இருக்கும். யாரோ ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், கிளவுடிலும் அது அழிந்ததுதான்.

அறக்கட்டளைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. கணக்கு யாரோ ஒருவரின் சொந்த ஈமெயிலிலும் சொந்தக் கார்டிலும் இருக்கும். அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விடுவார், கார்டு காலாவதியாகும், எச்சரிக்கை மெயில் அவருடைய பழைய பெட்டிக்குப் போகும், சர்வர் நின்றுவிடும். நம் மாவட்டத்தில் இது நடக்கக்கூடியதுதான். கணக்கு நிறுவனத்தின் பெயரில், அலுவலகப் பொது ஈமெயிலில் இருக்கட்டும்.

கிளஸ்டர், அதாவது பல சர்வர் சேர்ந்து ஒரே போர்ட்டலை ஓட்டுவது, வேண்டுமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். உங்கள் அளவுக்கு வேண்டாம். இரண்டு நோடு வைத்தால் இரண்டுக்கும் பொதுவான ஆவணச் சேமிப்பு, கிளஸ்டர் லிங்க், லோடு பேலன்சர் என்று பார்க்க வேண்டியது பெருகும். ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் ஒற்றைச் சர்வரும் நன்றாகச் சோதித்த பேக்கப்பும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

தக்கலைத் தம்பி:

செயலாளரிடம் பேசினேன் அண்ணா. ஒக்கி என்றதுமே கிளவுடுக்குச் சம்மதித்துவிட்டார். மும்பையில் 16 ஜிபி சர்வர். அலுவலக டவரை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா? ராமை எப்படிப் பிரிப்பது? போர்ட்டலுக்கு 12 ஜிபி கொடுத்தால் வேகமாக ஓடுமா?

இன்னொரு விசித்திரம். காலை 9 மணிக்கு வெளியாக வேண்டும் என்று நேரம் குறித்துப் போட்ட சுற்றறிக்கை மதியம் 2:30-க்குத்தான் வந்தது. டாம்கேட்டின் செட்என்வ் ஃபைலில் டைம்ஸோன் ஜிஎம்டி என்று இருக்கிறது. அதை ஏசியா கொல்கத்தா என்று மாற்றிவிடவா?

பார்வதிபுரம் ஜாவா:

மாற்றாதீர்கள்! அந்த வரி அங்கே காரணத்தோடுதான் இருக்கிறது. லைஃப்ரே எல்லா நேரத்தையும் டேட்டாபேஸில் ஜிஎம்டியில் எழுதி, காட்டும்போது பார்ப்பவரின் டைம்ஸோனுக்கு மாற்றும். ஜாவாவின் கடிகாரத்தையே நீங்கள் மாற்றினால், ஏற்கெனவே எழுதிய நேரங்களும் இனி எழுதுபவையும் ஐந்தரை மணி நேரம் விலகி நிற்கும். பிறகு பிரித்தெடுக்க முடியாது.

உங்கள் சிக்கல், சுற்றறிக்கை போட்டவரின் கணக்கு யூடிசியில், அதாவது ஜிஎம்டி நேரத்தில் இருப்பது. அவர் குறித்த 9 மணி யூடிசியின் 9 மணி, அதுதான் நமக்கு 2:30. இன்ஸ்டன்ஸ் செட்டிங்ஸில் டைம்ஸோனை இந்திய நேரமாக்குங்கள். ஏற்கெனவே உருவாக்கிய யூசர்களுக்கு அவரவர் கணக்கின் காட்சி அமைப்பில் பழையதே நிற்கும், அதையும் மாற்ற வேண்டும். ஆசிரியர்களை மொத்தமாக ஏற்றுவதற்கு முன்னால் இதை முடித்துவிட்டால் வேலை மிச்சம்.

ராம்: போர்ட்டலின் ஜாவாவுக்கு 4 ஜிபி, குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒரே எண்ணாக. எலாஸ்டிக்சர்ச்சுக்கு 2 ஜிபி. மிச்சத்தைப் போஸ்ட்கிரெஸுக்கும் லினக்ஸுக்கும் விட்டுவிடுங்கள். ஃபைல்களை நினைவில் வைத்துக்கொள்வது லினக்ஸின் வேலை, அதற்கு இடம் வேண்டும். 12 ஜிபி கொடுத்தால், பயன்படாத நினைவிடத்தை ஜாவா விடுவிக்கும் குப்பை சேகரிப்பு ஓடும்போது போர்ட்டல் நின்று நின்று வரும், மற்ற இரண்டும் மூச்சு முட்டும்.

எலாஸ்டிக்சர்ச்சைத் தனிப் பிராசஸாக ஓட்டுங்கள். பண்டிலோடு தானாக எழும் தேடல் சோதனைக்கு மட்டும்தான். உங்கள் லைஃப்ரே பதிப்புக்கு எந்த எலாஸ்டிக்சர்ச் பதிப்பு பொருந்தும் என்று லைஃப்ரேயின் பொருத்த அட்டவணையில் பார்த்து, அதையே போடுங்கள். லினக்ஸில் மேக்ஸ் மேப் கவுண்ட் என்ற அமைப்பு குறைந்தது 262144 ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் எலாஸ்டிக்சர்ச் எழ மறுக்கலாம். இணைத்த பிறகு கண்ட்ரோல் பேனலில் முழு ரீஇண்டெக்ஸ், அதாவது தேடல் அட்டவணையை மறுபடி கட்டும் வேலையை ஓட்டுங்கள்.

குளச்சல் அலை:

மூன்றையும், லினக்ஸ் தானாக எழுப்பும் சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டு, முதலில் போஸ்ட்கிரெஸ், அடுத்து எலாஸ்டிக்சர்ச், கடைசியாக டாம்கேட் என்று வரிசை கொடுங்கள். டாம்கேட்டுக்குத் தனி யூசர், எல்லா உரிமையும் உள்ள ரூட்டில் ஓட்ட வேண்டாம். ஒருமுறை ரூட்டில் ஓட்டியிருந்தால்கூட மாட்யூல்கள் இருக்கும் ஓஎஸ்ஜிஐ, லாக்ஸ், டேட்டா ஃபோல்டர்களில் சில ஃபைல்கள் ரூட்டின் பெயரில் உட்கார்ந்துவிடும். அப்புறம் சாதாரண யூசரில் எழாது. உரிமையை மொத்தமாக மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

தோவாளை:

முதல் அட்மின் கணக்கை மாற்றினீர்களா? டெஸ்ட் அட் லைஃப்ரே டாட் காம், பாஸ்வேர்டு டெஸ்ட். உலகத்துக்கே தெரியும். கூடவே, வெளியாள் யாரும் தானாகக் கணக்கு உருவாக்கலாம் என்ற டிக் இயல்பாக இருக்கும், எடுத்துவிடுங்கள். கெஸ்டாக, லாகின் செய்யாமல், இன்னொரு பிரவுசரில் ஆவண ஃபோல்டர்களின் முகவரியை நேராக அடித்துப் பாருங்கள். மாணவர் மதிப்பெண் பட்டியல் திறக்கிறதென்றால் பெர்மிஷன் இன்னும் சரியில்லை.

மார்த்தாண்டம் அக்கா:

தோவாளைக்காரர் சொன்னதை இன்றைக்கே செய்துவிடு மக்களே.

டவரை பேக்கப்புக்கு வைப்பது நல்ல யோசனை. எப்படி எடுப்பது என்பதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். நான் முன்பு இருந்த ஒரு அலுவலகத்தில் போர்ட்டலை ஒரு ஒப்பந்த நிறுவனம் பார்த்துக்கொண்டது. தினமும் பேக்கப் எடுத்ததாக மெயில் வரும். டிஸ்க் செத்துப்போன அன்றைக்குத் திறந்து பார்த்தால், அவர்கள் எடுத்ததெல்லாம் டேட்டாபேஸ் மட்டும். டாக்குமெண்ட் லைப்ரரி ஃபோல்டரை யாரும் எடுக்கவே இல்லை. போர்ட்டல் எழுந்தது, ஆவணங்களின் பெயர்ப் பட்டியல் முழுசாக இருந்தது, எதைத் தொட்டாலும் ஃபைல் இல்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஊழியர்கள் ஒவ்வொருவரின் ஈமெயிலிலும் பழைய இணைப்புகளைத் தேடினார்கள், பல நிரந்தரமாகவே போய்விட்டன.

லைஃப்ரேயில் ஆவணத்தின் தலைப்பு, பெர்மிஷன், பதிப்பு எண் எல்லாம் டேட்டாபேஸில். ஆவணம் டேட்டா ஃபோல்டருக்குள், எண்ணால் ஆன பெயரில் கிடக்கும். ஒன்று இல்லாமல் மற்றது பயனில்லை. இரண்டும் ஒரே நேரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். ராத்திரி டாம்கேட்டை நிறுத்திவிட்டு, பிஜிடம்ப் கட்டளையில் டேட்டாபேஸின் பிரதி எடுத்து, ஆர்சிங்க் கருவியில் ஃபோல்டரைக் காப்பி செய்து, மறுபடி எழுப்புவதுதான் சுத்தம். நிறுத்த முடியாத நாளில் டேட்டாபேஸை முதலில் எடு, ஃபைல்களை அப்புறம் எடு. அப்போது டேட்டாபேஸில் பெயர் இருக்கும் ஃபைல் எல்லாம் காப்பியிலும் இருக்கும், இடையில் யாரும் அழிக்காத வரை. திருப்பிச் செய்தால் பெயர் இருக்கும், ஃபைல் இருக்காது. போர்ட்டல்-எக்ஸ்ட், ஓஎஸ்ஜிஐயின் கான்ஃபிக்ஸ் ஃபோல்டர், நீ சேர்த்த மாட்யூல்கள், இவற்றையும் கூடவே எடு. எலாஸ்டிக்சர்ச்சை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, ரீஇண்டெக்ஸ் செய்தால் திரும்ப வந்துவிடும்.

எடுத்ததை டவரில் கொண்டுவந்து ரீஸ்டோர் செய்து பார். போர்ட்டல் எழுந்து, நீ உள்ளே போய், கருங்கல் சைட்டில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து படித்தால்தான் உன்னிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் ஒரு ஆசிரியரைக்கூட உள்ளே விடாதே. டவரில் எழுப்பும்போது மெயில் சர்வர் அமைப்பை முதலில் அணைத்துவிடு. இல்லையென்றால் அந்தப் பிரதியும் எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்ப ஆரம்பிக்கும்.

ஆரல்வாய் காற்று:

அக்கா சொன்ன அந்த டவரே உங்களுக்குச் சோதனைக் களமும் ஆகும். தீம், மாட்யூல் எதுவானாலும் முதலில் அங்கே டிப்ளாய் ஃபோல்டரில் போடுங்கள். ஜார் என்றால் ஓஎஸ்ஜிஐ மாட்யூல்ஸுக்கும், வார் என்றால் ஓஎஸ்ஜிஐ வாருக்கும் தானாக நகரும். லாகில் ஸ்டார்ட்டட் என்று அந்த மாட்யூலின் பெயரோடு வரி வர வேண்டும். ஃபைல் ஃபோல்டரிலிருந்து மறைந்துவிட்டது என்பதை வைத்து ஏறிவிட்டதாக நினைக்காதீர்கள். வரி வரவில்லையென்றால் கோகோ ஷெல்லில் எல்பி என்ற கட்டளையை அடித்து அதன் நிலையைப் பாருங்கள். இன்ஸ்டால்ட் என்றே நின்றால் டயாக் அடியுங்கள், எந்தச் சார்பு கிடைக்கவில்லை என்று அது சொல்லும்.

தக்கலைத் தம்பி:

எல்லாரும் சொன்ன வரிசையிலேயே செய்தேன். டவரில் ரீஸ்டோர் செய்தேன் அக்கா. மெயிலை அணைத்துவிட்டுத்தான் எழுப்பினேன். முழு ரீஇண்டெக்ஸ் ஓட்டி முடித்ததும் கருங்கல் சைட்டில் மருத்துவமனைப் பயிற்சி அட்டவணை பிடிஎஃப் திறந்தது. "தேர்வு" என்று தேடினால் புதிதாக ஏற்றியது எல்லாம் வருகிறது. வானவில்லில் அடித்த பழைய பள்ளி ஆவணங்கள் மட்டும் தேடலில் சிக்கவில்லை. அவற்றை என்ன செய்ய? ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்ற ஆளில்லை.

மார்த்தாண்டம் அக்கா:

நல்ல வேலை செய்திருக்கிறாய்! பழையதை எல்லாம் மாற்ற வேண்டாம். வேர்டு அசல் இருப்பவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, மறுபடி பிடிஎஃப் எடு. ஸ்கேன் மட்டும் இருப்பவற்றுக்கு, ஏற்றும்போது தலைப்பையும் இரண்டு வரி விளக்கத்தையும் யூனிகோடில் தட்டச் சொல். தலைப்பும் விளக்கமும் தேடலில் வரும், ஆவணம் அப்படியே இருக்கட்டும். தலைப்பில் வருஷத்தைப் போடச் சொல்: "தேர்வுக் குழுத் தீர்மானம் 2014" என்கிற மாதிரி. பள்ளி எழுத்தர்கள் இதை நன்றாகவே செய்வார்கள், எந்தக் காகிதம் எதைப் பற்றியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

குளச்சல் அலை:

டொமைனை மும்பைக்குத் திருப்புவதற்கு முந்தின நாளே டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை, அதாவது பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரத்தை, 300 செகண்ட் ஆக்கிவிடுங்கள். ஏதாவது சிக்கல் வந்தால் ஐந்து நிமிஷத்தில் திருப்பிக்கொள்ளலாம். நாலு நிறுவனத்தையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். கருங்கல் நர்சிங் கல்லூரியை முதலில் விடுங்கள், ஆள் குறைவு. இரண்டு வாரம் லாகையும் டிஸ்க் இடத்தையும் பார்த்துவிட்டு மற்றதைத் திறக்கலாம்.

தக்கலைத் தம்பி:

சரி அண்ணா, கருங்கல்தான் முதலில். சர்வர் கணக்கு அலுவலகப் பொது ஈமெயிலுக்கு மாற்றியாகிவிட்டது. பாஸ்வேர்டும் ரீஸ்டோர் செய்யும் வரிசையும் எழுதிய தாளின் ஒரு பிரதி செயலாளரின் பூட்டிய மேசையில், இன்னொன்று கல்லூரி முதல்வரிடம். திறந்த பிறகு லாகில் வருவதை இங்கேயே போடுகிறேன்.